எழுத்தாளர் சிவகாமியும் நம் வீட்டு நடப்பும்

(செங்கற்பட்டில் வாசகசாலைத் தோழர்கள் கூட்டிய கூட்டத்தில் பேசியது)

தலைவர் அவர்களே! தோழர்களே! தாய்மார்களே!

தாய்மார்களே என்று வழக்கத்தை ஒட்டிச் சொல்லிவிட்டோமே தவிர, இந்தக் கொட்டகையில் நாம் எண்ணிப் பார்த்தவரையில் பெண்மக்கள் பதினோரு பேர்தான் இருக்கின்றார்கள். அவர்களிலும் நான்கு பேர் பின்பக்கத்தில் காப்பி டம்ளர் அலம்பிக் கொண்டிருக்கின்றார்கள். இதை நாம் குறையாய்ச் சொல்லவில்லை, கணக்காய்ச் சொல்லுகின்றோம். இன்று நாம் பேச எடுத்துக்கொண்டிருக்கும் விஷயத்துக்கும் இந்தக் கணக்குக்கும் சம்பந்தம் இருக்கின்றது என்பதைச் சிறிது நேரத்தில் நீங்களே தெரிந்து கொள்ளுவீர்கள்.

நாம் இன்று பேச வந்தது ஒரு கதாசிரியரைப் பற்றி. அவர் பெயர் தோழர் ப. சிவகாமி. நாவல் எழுதியவர், "புதிய கோடாங்கி" என்ற பத்திரிகையின் பத்திராதிபர், இவை இரண்டையும் செய்து கொண்டே சர்க்காரில் ஐ.ஏ.எஸ். உத்தியோகம் பார்த்தவர். தாழ்த்தப்பட்ட சமூகத்தில், 1957இல், பெரம்பலூர்ப் பக்கத்தில் பிறந்தவர்.

இந்தக் கூட்டத்துக்கு வருமுன் நமது சிநேகிதர் ஒருவர் நம்மைத் தனியாய் அழைத்து, "அந்த அம்மாள் எழுதின முதல் நாவலைப் பற்றி இங்கே பேச வேண்டாம். அதில் நம் பக்கத்துத் தலைவனையே அயோக்கியனாய்க் காட்டியிருக்கிறார். எதிரிகள் கையில் நாமே தடியை எடுத்துக் கொடுத்ததாகிவிடும்" என்று சொன்னார். நல்ல எண்ணத்துடன்தான் சொன்னார். அந்த வார்த்தையைக் கேட்ட பிறகுதான், வேறு எதைப் பேசாவிட்டாலும் அந்த நாவலைப் பற்றிப் பேசியே தீருவது என்று முடிவு செய்து கொண்டோம்.

நாவலின் பெயர் "பழையன கழிதலும்". 1989இல் வெளிவந்தது. தமிழில் தலித் பெண் ஒருவர் எழுதிய முதல் முழு நாவல் என்று இதைச் சொல்லுகின்றார்கள். நன்னூல் படித்தவர்களுக்கு இந்தப் பெயர் எங்கே இருந்து வந்தது என்று தெரிந்திருக்கும். இலக்கண ஆசிரியர் பழையது போவதையும் புதியது வருவதையும் சேர்த்தே சொன்னார். நம் ஆசிரியரோ பழையது போவதை மாத்திரம் எடுத்துக்கொண்டு, அந்த "உம்" விகுதியோடு அப்படியே நிறுத்திவிட்டார். புதியது வந்துவிட்டது என்று எழுத அவருக்கு மனம் துணியவில்லை போலும். வராததை வந்ததாய் எழுதுகிற கதாசிரியர்கள் மலிந்துவிட்ட நாட்டில் இது நமக்குப் பெரிய யோக்கியதையாகவே படுகின்றது.

கதையைச் சுருக்கமாய்ச் சொல்லுகின்றோம். தங்கம் என்று ஒரு கைம்பெண். சேரியைச் சேர்ந்தவள். கூலிக்கு வேலை செய்கின்ற இடத்து நிலக்காரன் பரஞ்சோதி உடையார் அவளைப் பலவந்தம் செய்கிறான். விஷயம் தெரிந்ததும் அந்த நிலக்காரனுடைய மனைவியின் உறவினர்கள் வந்து யாரை அடிக்கிறார்கள்? அவனையா? இல்லை. இவளைத்தான் அடித்து நொறுக்குகிறார்கள். இவள் இரத்தக் காயத்தோடு இரவில் நடந்து, தன் சாதித் தலைவரான காத்தமுத்துவின் வீட்டு வாசலில் வந்து விழுகிறாள்.

காத்தமுத்து சாதாரணமான ஆள் அல்ல. பேசத் தெரிந்தவர், போலீஸ் ஸ்டேஷனுக்கும் தாசில்தார் கச்சேரிக்கும் பயமின்றிப் போகக் கூடியவர், மேல்சாதிக்காரர்கள் அவரைக் கண்டு சற்றுத் தயங்குவார்கள். அப்படிப்பட்டவர் அவளுக்காகப் புகார் எழுதுகிறார். எப்படி எழுதுகிறார் தெரியுமா? மேல்சாதித் தெரு வழியாய் அவள் நடந்து போனாள், அதற்காகச் சாதி இந்துக்கள் அவளை அடித்தார்கள் என்று எழுதி வைக்கிறார்.

தோழர்களே! இந்த ஓர் இடத்தைச் சற்று நிதானமாய் யோசித்துப் பார்க்கும்படி கேட்டுக் கொள்ளுகின்றோம். தெருவில் நடந்ததற்காக அடித்தான் என்றால் சட்டம் எழுந்து உட்காரும், அதிகாரிகள் பயப்படுவார்கள், பத்திரிகையில் வரும். காத்தமுத்து இதை நன்றாய் அறிந்தவர். எந்த வாக்கியம் கச்சேரியில் செல்லும், எது செல்லாது என்று தெரிந்து எழுதுகிறார். அவர் செய்தது அவளுக்கு உதவியே தவிர வேறல்ல என்றும் வாதாடலாம். ஆனால் அந்த மனுவுக்குள் தங்கத்துக்கு நடந்தது என்ன என்பது அடியோடு காணாமல் போய்விட்டது. அவள் பெயரால், அவள் கைநாட்டோடு போகிற காகிதத்தில் அவளுடைய உண்மைக்கு இடமில்லை. பெண்ணின் உடம்புக்கு நேர்ந்ததைச் சொன்னால், "நீ ஏன் அங்கே போனாய்?" என்று அவளையே கேட்கிற உலகமாயிருக்கிறபடியால், அவளுக்கு நியாயம் தேடுகிறவர்களும் அதை மறைத்துத்தான் தேட வேண்டியதாயிருக்கிறது. நாளெல்லாம் மனுக்களைப் படித்துக் கையெழுத்துப் போடுகிற உத்தியோகத்தில் இருந்த ஒருவருக்குத்தான் இந்த இடம் இவ்வளவு கூர்மையாய்த் தெரியும் என்று நமக்குத் தோன்றுகிறது.

பிறகு என்ன ஆகிறது? நஷ்ட ஈட்டுப் பணம் வருகிறது. அது காத்தமுத்துவின் கைக்குப் போகிறது. ஏற்கெனவே அவருக்கு இரண்டு மனைவிகள்: கனகவல்லி என்று ஒருவர், வேறு சாதியில் பிறந்து கைம்பெண்ணாய் வந்த நாகமணி என்று ஒருவர். கடைசியில் அடைக்கலம் தேடி வந்த தங்கமும் அவருடைய ஆசைக்குத் தப்பவில்லை. நிலக்காரன் செய்ததைத் தலைவரும் செய்தார். நிலக்காரன் வயற்காட்டில் செய்தான்; தலைவர் வீட்டுக்குள் செய்தார்; வேறு வித்தியாசம் நமக்குத் தெரியவில்லை. இவை யாவற்றையும் பார்த்துக் கொண்டு, படித்துக் கொண்டு, அந்த வீட்டில் கௌரி என்ற மகள் வளருகிறாள். அவள் கல்யாணத்தை விட்டுத் தப்பிப் பட்டணத்துக்குக் கல்லூரி படிக்கப் போய்விடுகிறாள்.

இந்த நாவல் வந்த 1989ஆம் வருஷத்தை நீங்கள் குறித்துக் கொள்ள வேண்டும். இதே செங்கற்பட்டில் 1929ஆம் வருஷம் பிப்ரவரி மாதம் 17, 18 தேதிகளில் தோழர் டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன் அவர்கள் தலைமையில் முதல் சுயமரியாதை மாகாண மாநாடு கூடிற்று. பெண்களுக்கு ஆண்களைப் போலவே சொத்தில் சம உரிமை வேண்டும் என்று அதில் தீர்மானம் செய்தார்கள். அந்தத் தீர்மானம் தமிழ்நாட்டில் சட்டமாய் வந்தது எப்போது? 1989இல்! அறுபது வருஷம் சென்றது. அதுவும் அந்த வருஷம் மார்ச்சு 25ஆம் தேதிக்கு முன் கல்யாணமான பெண்களுக்குக் கிடையாது என்று ஒரு கட்டுத் திட்டத்தோடு வந்தது. இந்தியா பூராவுக்கும் வந்தது 2005இல். சட்டம் வந்த வருஷத்திலேயே, சட்டம் நுழைய முடியாத வீட்டுக்குள் நடப்பதைச் சொல்லும் நாவலும் வந்தது. இது தற்செயல்தான். ஆனாலும் இந்த ஊரில் நின்று பேசுகின்றபோது சொல்லாமல் இருக்க முடியவில்லை.

1992இல் "ஆனந்தாயி" என்று இன்னொரு நாவல் எழுதினார். அதில் பெரியண்ணன் என்பவன், மனைவி ஆனந்தாயி வீட்டில் இருக்கும்போதே லட்சுமி என்ற பெண்ணைக் கொண்டு வந்து மாடி அறையில் வைக்கிறான். அவள் ஓடிப்போகிறாள், தேடிப் பிடித்து வந்து அடிக்கிறான். மறுபடியும் ஓடுகிறாள். இரண்டு பெண்களும் ஒருவரை ஒருவர் பகைக்க வேண்டியவர்கள் என்று ஆண்கள் எழுதுகிற கதைகளில் பார்க்கிறோம். இதில் அது அவ்வளவு சுலபமாய் நடப்பதில்லை. படித்துப் பாருங்கள், நாம் முழுதும் சொல்லிவிட்டால் புத்தகம் வாங்க மாட்டீர்கள்.

இனி, நமது சிநேகிதரின் ஆட்சேபணைக்கு வருவோம். அதை அவர் மாத்திரம் சொல்லவில்லை. நாவல் வந்த காலத்திலேயே, "தலித் பெண்ணாயிருந்து கொண்டு தலித் தலைவனையே இப்படிக் காட்டலாமா?" என்று கேட்டவர்கள் இருந்தார்கள். இந்தக் கேள்வி நம் நாட்டுக்கு மாத்திரம் சொந்தமானதும் அல்ல. அமெரிக்காவில் டோனி மாரிசன் என்ற கருப்பினப் பெண் எழுத்தாளர் இருந்தார். அவர் 1970இல் எழுதிய முதல் நாவலில், தனக்கு நீலநிறக் கண் வேண்டும் என்று ஏங்குகிற ஒரு கருப்புச் சிறுமியை அவளுடைய தகப்பனே கெடுக்கிறான். வெள்ளையன் செய்த கொடுமையை எழுத வேண்டிய காலத்தில் கருப்பன் வீட்டுக் கொடுமையை ஏன் எழுத வேண்டும் என்று கேட்கத்தக்க கதைதான் அது. அவர் எழுதினார். அவருக்கும் ஒரு பத்திராதிபர் வேலை உண்டு: ராண்டம் ஹவுஸ் என்ற பெரிய பிரசுரக் கம்பெனியில் 1983 வரையில் ஆசிரியராயிருந்து, மற்றக் கருப்பின எழுத்தாளர்களின் புத்தகங்களைத் திருத்தி அச்சேற்றினார். ஏஞ்சலா டேவிஸ் அம்மையாரின் சுயசரிதை 1974இல் அவர் கையால்தான் வெளியாயிற்று. 1993இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். பரிசு கொடுத்ததனால் அவர் பெரியவர் என்று நாம் சொல்ல வரவில்லை. தன் கதையையும் எழுதி, மற்றவர்கள் கதைக்கும் அச்சுக்கூடத்துக் கதவைத் திறந்து வைத்தாரே, அதற்காகச் சொல்லுகின்றோம்.

தோழர் சிவகாமி அந்தக் குற்றச்சாட்டுக்கு என்ன பதில் சொன்னார்? இங்கேதான் நாம் அவரிடம் கற்றுக்கொள்ள வேண்டியது இருக்கிறது. சாதாரணமாய் ஆசிரியர்கள் என்ன செய்வார்கள்? குறை சொன்னவனை முட்டாள் என்பார்கள். அல்லது அடுத்த பதிப்பில் தலைவனைக் கொஞ்சம் நல்லவனாக்கி விடுவார்கள். இவர் இரண்டையும் செய்யவில்லை. 1997இல் "பழையன கழிதலும்: ஆசிரியர் குறிப்பு" என்று இன்னொரு புத்தகமே எழுதினார். அந்தக் கதையைத் தாம் ஏன் அப்படி எழுதினோம், எதைப் பெரிதாக்கினோம், எதைக் காணாமல் விட்டோம் என்று தம்மையே கூண்டில் ஏற்றி விசாரித்தார். முதல் புத்தகத்தை வாபஸ் வாங்கவுமில்லை, மாற்றவுமில்லை. பிறகு தாமே இரண்டையும் இங்கிலீஷில் மொழிபெயர்த்து 2006இல் ஒரே அட்டைக்குள் போட்டுவிட்டார். முதல் பாதியைப் படித்துக் கைதட்டுகிறவன் இரண்டாம் பாதியையும் படித்தாக வேண்டும்.

நமக்குத் தெரிந்த தலைவர்களில் எத்தனை பேர் எட்டு வருஷத்துக்கு முன் தாம் செய்த பிரசங்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு, இதில் நான் சொன்னது பாதி என்று சொல்லுவார்கள்? நம்மையும் சேர்த்துத்தான் கேட்கின்றோம்.

இனிப் பத்திரிகை விஷயம். அதைச் சொல்லுமுன் இந்த ஜில்லாவைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். நாம் இன்று காலை மாமல்லபுரத்தில் இருந்து திருக்கழுக்குன்றம் வழியாய் பஸ்ஸில் வந்தோம். மாமல்லபுரத்தில் வெளிநாட்டாரும் உள்நாட்டாரும் கல் ரதங்களைப் பார்க்கக் கூட்டமாய் இறங்கினார்கள். திருக்கழுக்குன்றத்திலோ முன்பு கழுகைப் பார்க்கக் கூட்டம் கூடும். இப்போது கழுகும் வருவதில்லை. அதனால் உலகம் ஒன்றும் கவிழ்ந்துவிடவுமில்லை. ஆனால் மாமல்லபுரத்துக்குப் பக்கத்திலேயே காரணை என்று ஓர் ஊர் இருக்கிறது. ரதம் பார்க்க வந்தவர்கள் ஒருவராவது அந்தப் பெயரைக் கேட்டதாய்த் தெரியவில்லை.

1891ஆம் வருஷத்தில் இந்தச் செங்கற்பட்டு ஜில்லாவுக்குக் கலெக்டராயிருந்த டிரெமன்ஹீர் என்ற வெள்ளைக்காரர், இங்குள்ள பறையர் சமூகத்தாரின் நிலைமையைப் பற்றி சர்க்காருக்கு ஒரு ரிப்போர்ட் எழுதினார். நிலமில்லை, குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லை, கடன் அடிமைத்தனம் என்று எல்லாவற்றையும் எடுத்துச் சொல்லி, தரிசு நிலங்களை இவர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்றார். அதன்பேரில் 1892இல் உத்தரவு ஆயிற்று. அப்படிக் கொடுத்ததைத்தான் பஞ்சமி நிலம் என்கின்றோம். முதல் பத்து வருஷம் விற்கவே கூடாது. பிறகு விற்றாலும் தாழ்த்தப்பட்டவர்களுக்குத்தான் விற்க வேண்டும். மற்றவர்களுக்கு விற்றால் செல்லாது என்பது நிபந்தனை. நிபந்தனை காகிதத்தில் இருந்தது. நிலமோ கடனுக்கும் கைநாட்டுக்கும் அடுத்தவன் கைக்கு மெல்ல நகர்ந்துவிட்டது. காரணையில் அந்த நிலத்தைத் திருப்பிக் கேட்டு ஜனங்கள் கிளம்பினார்கள். 1994ஆம் வருஷம் அக்டோபர் 10ஆம் தேதி, இந்தச் செங்கற்பட்டில், போலீசார் துப்பாக்கியால் சுட்டதில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரண்டு தோழர்கள் மாண்டார்கள். நூறு வருஷத்துக்கு முன் சர்க்கார் கொடுத்ததை, சர்க்காரிடமே கேட்டதற்குக் கிடைத்த பதில் அது.

அந்தக் கலெக்டர் எழுதினது ரிப்போர்ட். கலெக்டர் உத்தியோகம் வகித்த நம் சிவகாமி எழுதினது நாவல். வெளியில் இருந்து வந்து பார்த்தவர் எழுதியதில் நிலம், கூலி, கடன், மனை இவையெல்லாம் இருக்கும். குடிசைக்குள் கூலிப்பணத்தை யார் கையில் வாங்குகிறார், யார் கடைசியில் சாப்பிடுகிறார், புகாரில் எந்த வாக்கியம் ஏறுகிறது, எது விழுங்கப்படுகிறது என்பது உள்ளேயே பிறந்து வளர்ந்தவர் எழுதினால்தான் வரும். இரண்டும் வேண்டும். ரிப்போர்ட் இல்லாவிட்டால் காரணைக்காரர்கள் எதைக் காட்டிக் கேட்பார்கள்? நாவல் இல்லாவிட்டால், நாளைக்கு நிலம் திரும்பி வந்தாலும் பட்டா யார் பெயரில் எழுதப்படும் என்று கேட்க யாருக்கும் தோன்றாது.

காரணைக்கு அடுத்த வருஷம், 1995 முதல், தோழர் சிவகாமி "புதிய கோடாங்கி" மாதப் பத்திரிகைக்குப் பத்திராதிபராய் இருந்து நடத்தலானார். கோடாங்கி என்றால் உடுக்கை அடித்துக் குறி சொல்லுகிறவன் என்பது உங்களுக்குத் தெரியும். குறி கேட்கிறவனை நாம் மேடைதோறும் பரிகாசம் செய்கிறவர்களாயிருக்க, இவர் போய் அந்தப் பெயரை வைத்தாரே என்று நமக்கும் முதலில் சிறிது முகம் சுளித்தது. பிறகு, இந்தச் செங்கற்பட்டுப் பக்கத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் அவர்கள் ஞாபகத்துக்கு வந்தார். அவர் 1893இல் பத்திரிகை ஆரம்பித்தபோது அதற்கு என்ன பெயர் வைத்தார்? "பறையன்" என்று வைத்தார். எந்தப் பெயரைச் சொல்லி வைதார்களோ அந்தப் பெயரையே தலைப்பில் கொட்டை எழுத்தில் அச்சடித்து வாசலில் போட்டார். சேரியில் ஒலித்த கருவியையும் சேரிக்காரன் பெயரையும் வெட்கமில்லாமல் தூக்கிப் பிடிப்பது என்பது அந்த வழி வந்தது. குறி சொல்லுவதை விட்டுவிட்டு உடுக்கைச் சத்தத்தை மாத்திரம் எடுத்துக் கொண்டார் என்று சமாதானம் செய்து கொண்டோம்.

பத்திராதிபர் வேலை என்பது கௌரவமான பெயருடைய கூலிவேலை. கதை எழுதுகிறவன் தன் கதைக்கு ராஜா. பத்திராதிபரோ மற்றவன் எழுத்துப் பிழையைத் திருத்த வேண்டும். காகிதக் கடைக்காரனுக்குப் பதில் சொல்ல வேண்டும். சந்தா அனுப்பாதவனுக்குக் கடிதம் எழுத வேண்டும். முதல் தடவையாய்ப் பேனா பிடித்த ஒரு பெண் நடுங்கும் கையோடு எழுதி அனுப்பினதைக் குப்பையில் போடாமல் படிக்க வேண்டும். நாவலாசிரியர் என்ற பெயரும், சர்க்கார் உத்தியோகமும், அதற்கு மேல் என்ன குறைச்சல்? பேசாமல் இருந்திருக்கலாம். நம் இயக்கத்தில் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் 1936இல் "தாசிகள் மோசவலை" நாவலை எழுதியபோது அதை அச்சேற்றுவதற்கு எத்தனை கை வேண்டியிருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். எழுதுகிற பெண்களுக்குப் பத்திரிகை கைவசம் இருப்பது, நிலமில்லாதவனுக்கு நிலம் இருப்பது போலத்தான்.

உத்தியோக விஷயம் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஆதிதிராவிடர் நலத்துறையில் காரியதரிசியாய் இருக்கிற வரையில் உயர்ந்தார். இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் வேலை பார்த்துவிட்டு, 2008இல் பென்ஷன் வயதுக்கு முன்னதாகத் தாமாகவே வெளியேறி அரசியலுக்கு வந்தார். 2009இல் சமூக சமத்துவப் படை என்ற கட்சியைத் தொடங்கினார். தேர்தல் கணக்கில் அது பெரிதாய் வளரவில்லை. கதை எழுதிப் பேர் வாங்கினவர் கட்சி வைத்துக் கஷ்டப்படுவானேன் என்று கேட்கிறவர்களுக்கு நாம் பதில் சொல்லப் போவதில்லை. ஒரு வாசகராய் மாத்திரம், அந்தக் காலத்தில் இன்னும் இரண்டு நாவல் எழுதியிருக்கலாமே என்ற ஏக்கம் நமக்கும் உண்டு என்பதை ஒப்புக் கொள்ளுகின்றோம்.

ஆகவே, அந்தச் சிநேகிதருக்கு நாம் சொன்ன பதிலை உங்களுக்கும் சொல்லிவிடுகின்றோம். எதிரி கையில் தடி கொடுப்பதாகிவிடும் என்றீர்களே, காத்தமுத்துவின் வீட்டில் தங்கம் அடைந்த கதி எதிரிக்கு முன்பே தெரியாதா? தெரியும். ஊருக்கே தெரியும். கனகவல்லிக்கும் நாகமணிக்கும் தெரியும். தெரியாதது போல் பாவனை செய்து கொண்டிருந்தவர்கள் நாம்தான். மேடையில் சாதி ஒழிய வேண்டும் என்று தொண்டை கிழியக் கத்திவிட்டு, வீட்டுக்குப் போனதும் கால் அலம்ப அவள்தான் தண்ணீர் எடுத்துவர வேண்டும் என்றால், காத்தமுத்துவுக்கும் நமக்கும் உள்ள தூரம் எத்தனை முழம் என்பதை அவரவரே அளந்து கொள்ளட்டும்.

"பழையன கழிதலும்" இரண்டு பிரதி கொண்டு வந்திருக்கின்றோம், வாசகசாலைக்குக் கொடுத்துவிடுகின்றோம். ஒரு நிபந்தனை: இரவல் புத்தகத்தில் முதல் பெயர் ஒரு பெண்ணின் பெயராயிருக்க வேண்டும். காரணையில் இருந்து வந்திருக்கும் தோழர்கள் இரண்டு பேர் பின்வரிசையில் இருக்கிறார்கள். அவர்கள் பேச அரைமணி நேரம் விட்டிருக்கின்றோம். அதற்கு முன்னால், டம்ளர் அலம்பிக் கொண்டிருக்கும் நான்கு பேரும் முன்னால் வந்து உட்காரட்டும். முன்வரிசையில் இருக்கும் ஆண் தோழர்கள் நான்கு பேர் எழுந்து போய் மிச்சத்தை அலம்பட்டும். தண்ணீர் அங்கேயே அண்டாவில் இருக்கிறது.